தோற்றவர் எழுதிய தேர்தல்: 'வனவாசம்' வரலாற்றுச் சான்றாமாறு

பரணி தோற்றவர் பெயரால் வழங்கும் இலக்கியம். கலிங்கத்தை வென்றவன் முதற் குலோத்துங்கன். படை நடத்திச் சென்றவன் கருணாகரத் தொண்டைமான். செயங்கொண்டார் நூலுக்குப் பெயரோ கலிங்கத்துப்பரணி. பெயர் தோற்ற நாட்டிற்கு, பாட்டு வென்ற வேந்தனுக்கு என்று நம் முன்னோர் பங்கிட்டனர் போலும். மெய்க்கீர்த்திகள் இந்த அளவிற்கும் இடங்கொடா. அவற்றில் தோற்றவர் திறை சுமந்து வாயிலில் நிற்கும் கூட்டத்துள் ஒருவராய் ஒடுங்கிவிடுவர். தோற்றவர் தம் தோல்வியைத் தாமே கூறக் கேட்கும் இடங்கள் தமிழில் மிகச் சில. பாரிமகளிர் பாட்டு (புறம். 112) ஒன்று. சேரமான் கணைக்கால் இரும்பொறை, சோழன் செங்கணானிடம் தோற்றுக் குடவாயிற் கோட்டத்துச் சிறையில் இருந்தபொழுது பாடியதாக அடிக்குறிப்புக் கூறும் பாட்டு (புறம். 74) மற்றொன்று.

அச்சேரன் பாட்டைப் பன்முறை பாடஞ்சொல்லியும் நெடுங்காலம் என் கண்ணிற்படாத செய்தி ஒன்று உண்டு. அதில் தன்மைச் சொல் ஒன்றும் இல்லை. சிறைப்பட்டு, தண்ணீருக்கும் பிறர் கையை நோக்கி, அந்த இழிவால் உயிர் விடத் துணிந்த ஒருவன், 'யான்' என்றோ 'என்' என்றோ ஓரிடத்தும் கூறவில்லை. இறந்து பிறந்த மகவையும் வாளால் பிளந்து புதைக்கும் குடி வழக்கத்தைக் கூறுகிறான். அத்தகைய குடியில் இரந்துண்ணும் ஒருவனைப் பெறுவார்களோ என்று முடிக்கிறான். முழுதும் படர்க்கை. பாட்டைப் பாடியவன் தன்னையே தன்னிடமிருந்து விலக்கி நிறுத்திக் காண்கிறான். இதே போரைப் பற்றியதாகக் கொள்ளப்படும் வென்றார் பாட்டும் நம்மிடம் உண்டு. அது பொய்கையாரின் களவழி நாற்பது. புலவர் அதனைப் பாடிச் சேரனைச் சிறை மீட்டார் என்பது அந்நூல் பற்றி வழங்கும் செய்தி. சேரன் சிறையிலேயே துஞ்சினான் என்பது புறப்பாட்டின் குறிப்பு. இரண்டும் முரணுதல் அறிஞர் அறிந்ததே. வென்றார் பக்கத்துச் செய்தியும் தோற்றார் பக்கத்துச் செய்தியும் அன்றே ஒவ்வாது நின்றன என்பதை மட்டும் ஈண்டு நினைவிற் கொள்வோம்.

இப்பழம் பாட்டுகளைக் கூறப் புகுந்ததற்குக் காரணம் ஓர் ஆய்வு மாணவர். அவர் கவிஞர் கண்ணதாசனின் 'வனவாசம்' என்னும் நூலைத் தேர்தல் வரலாற்றுக்குரிய சான்றாகக் கொண்டு ஆராய விரும்பினார். தலைப்பை ஆய்ந்த குழுவில் இருந்த மூத்த பேராசிரியர் ஒருவர், "தேர்தலில் தோற்றவர், அக்கட்சியை விட்டும் வெளியேறியவர், அவருடைய புலம்பலை வரலாறு என்பதா?" என்று வினவினார். மாணவர் தலைப்பை மாற்றிக்கொண்டார். நெறியாளன் என்ற முறையில் அன்று நான் தக்க விடை கூறவில்லை. வினா நியாயமானதாகவே தோன்றிற்று. இன்றும் அதனைப் புறந்தள்ளுவதற்கில்லை. ஆயினும் அவ்வினாவிற்கு ஒரு விடை உண்டு என்று இப்பொழுது கருதுகிறேன்.

அந்நூலை மீண்டும் முழுமையாகப் படித்தது என் ஊராகிய உப்பூரில், ஒரு கோடை விடுமுறையில். தேவிபட்டினத்திற்கும் தொண்டிக்கும் இடைப்பட்ட கடற்கரைச் சிற்றூர் அது. வெயிலுகந்த விநாயகர் கோயிலால் அதன் பெயர் வெளியூரார்க்கும் தெரியும். இராமபிரான் இலங்கைக்குச் செல்லுமுன் இவ்விநாயகரை வழிபட்டான் என்பது தலவரலாறு. அதன்பின் தேவிபட்டினக் கடலில் ஒன்பது கல் நிறுத்தி வழிபட்டான் என்பர். அதாவது, இராமனுடைய வனவாசத்தின் இறுதிப் பகுதி எங்கள் ஊர் வழியே நடந்து சென்றதாக எங்கள் பாட்டிமார் நம்பினர். 'வனவாசம்' என்னும் தலைப்பைப் பார்த்துக்கொண்டு அவ்வூர்த் திண்ணையில் இருப்பவனுக்குச் சில எண்ணங்கள் எழுதல் இயல்பு. அவற்றைப் பின்னர்க் கூறுவேன்.

பழைய இராமநாதபுரம் மாவட்டம் 1910இல் அமைந்து 1985இல் மூன்றாகப் பிரிந்தது. அப்பரப்பினுள், நாடறிந்த தேர்தல் தோல்விகள் மூன்று நிகழ்ந்தன. முதலாவது 1937இல். சென்னை மாகாணச் சட்டமன்றத்திற்கு நடந்த அத்தேர்தலில் இராமநாதபுரம் மன்னரைக் காங்கிரசு வேட்பாளராக நின்ற முத்துராமலிங்கத் தேவர் தோற்கடித்தார். சொத்துடையார்க்கே பெரும்பாலும் வாக்குரிமை இருந்த காலம் அது. அந்நிலையிலும் சேதுபதியின் சீமையில் சேதுபதி தோற்றார். மூன்றாவது 1967இல். விருதுநகரில் காமராசர், பெ. சீனிவாசன் என்னும் இளைஞரிடம் 1,285 வாக்கு வேறுபாட்டில் தோற்றார். இவ்விரண்டிற்கும் இடையே, 1957இல், திருக்கோட்டியூர்த் தொகுதியில் கண்ணதாசன் தோற்றார்.

முதலிருவரும் தம் தோல்வியைப் பற்றி நூல் எழுதவில்லை. சேதுபதி அரண்மனை புலவர்க்குப் பஞ்சமில்லாத அரண்மனை. இரகுநாத சேதுபதி மீது அமிர்தகவிராயர் 'நாணிக் கண்புதைத்தல்' என்னும் ஒரே துறையில் கோவை பாடிய இடம். 1937இல் நாணிக் கண்புதைத்தற்கு வேறொரு துறை வாய்த்தும் பாடப் புலவர் எவரும் முன்வரவில்லை! (மன்னர் 1952இல் வென்று இராசாசி அமைச்சரவையிலும் அதன்பின் காமராசர் அமைச்சரவையிலும் இடம்பெற்றார், ஆதலின் தோல்வியை மறப்பதற்கு அவருக்குக் காரணம் இருந்தது.) காமராசரோ எழுத்தால் தம்மை விளக்க விரும்பாத இயல்பினர். 1969இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று மக்களவைக்குச் சென்றபொழுதும் விருதுநகரைப் பற்றி ஏட்டில் எழுதிவைத்தாரில்லை. எனவே, இம்மூன்று தோல்விகளுள் தோற்றவர் கைப்பட எழுதிய நூலில் இடம்பெற்றது திருக்கோட்டியூர்த் தோல்வி ஒன்றே. மூவருள் எழுதியவர் புலவர் என்பதில் வியப்பில்லை. மன்னரும் தலைவரும் வாய்மூடிய இடத்தில் புலவர் ஒருவரே பேசினார் என்பதால், அவர் பேச்சை இன்னும் விழிப்போடு கேட்டல் வேண்டும்.

இனி, 1957ஆம் ஆண்டுத் தேர்தலைப் பற்றிச் சில செய்திகள். திராவிட முன்னேற்றக் கழகம் 1949இல் தோன்றியது; 1952 பொதுத்தேர்தலில் அது போட்டியிடவில்லை. 1956இல் திருச்சியில் கூடிய மாநில மாநாட்டில், தேர்தலில் நிற்கலாமா என்பதையே வாக்கெடுத்து முடிவு செய்தனர். 1957இல் முதன்முதலாகக் களம் புகுந்து சட்டமன்றத்தில் 15 இடமும் மக்களவையில் 2 இடமும் பெற்றது. 205 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் காங்கிரசு 151 இடங்களைக் கைப்பற்றியது. பெரியார் அத்தேர்தலில் காமராசரை ஆதரித்தார். கழகம் அப்பொழுது அங்கீகாரம் பெற்ற கட்சி அன்று; சட்டத்தின் கண்ணில் அதன் வேட்பாளர் அனைவரும் சுயேச்சைகளே. வென்றவர் பதினைவர், அவர்கள் பெயர் பலர்க்கும் மனப்பாடம். காஞ்சிபுரத்தில் அண்ணா, குளித்தலையில் கருணாநிதி, எழும்பூரில் அன்பழகன் என்று மேடைதோறும் கேட்டிருக்கிறோம். தோற்றவர் தொகை இதனினும் பன்மடங்கு. அவர்களுள் பலருடைய பெயர் தேர்தல் ஆணையத்தின் அட்டவணையில் ஒரு வரியாக நிற்கிறது. பெற்ற வாக்கு இத்தனை என்பதோடு அவ்வரி முடிந்துவிடும். ஆறில் ஒரு பங்கு வாக்குப் பெறாதவர் கட்டிய 250 ரூபாய் காப்புத்தொகை அரசுக்குப் போயிற்று.

இன்றைய மாணவர்க்கு வாக்குப்பெட்டி முறையையும் விளக்கவேண்டியிருக்கிறது. 1952இலும் 1957இலும் வாக்காளர் சீட்டில் முத்திரை இடவில்லை. வேட்பாளர் ஒவ்வொருவர்க்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியின் மேல் அவர் சின்னம். மறைவிடத்துள் சென்றவர் தமக்கு வேண்டியவரின் பெட்டியில் வெறுஞ்சீட்டை இட்டு வெளிவருவார். 1937இல் சின்னத்திற்கு மாற்றாகப் பெட்டியின் நிறமே அடையாளம். 'மஞ்சள் பெட்டி' என்பது அக்காலத்துக் காங்கிரசின் முழக்கமாயிற்று. சீட்டில் முத்திரை இடும் முறை 1962 பொதுத்தேர்தலில்தான் பரவலாயிற்று. இவ்வேறுபாடு சிறிதன்று. தோற்ற வேட்பாளருக்கு எண்ணும் நாளில் கிடைத்தது தம் சின்னம் ஒட்டிய, போதிய அளவு நிரம்பாத ஒரு பெட்டி. தோல்வி கண்ணாற் காணவும் கையாற் தூக்கவும் கூடிய பொருளாக இருந்தது. அக்கால வேட்பாளர் தேர்தலைப் பற்றி எழுதியவற்றைப் படிப்போர் இதனை மனத்துக் கொள்ளுதல் நலம்.

கண்ணதாசன் நின்ற தொகுதி அவர்க்கு அயலூர் அன்று. அவர் பிறந்த சிறுகூடல்பட்டி அப்பகுதியைச் சேர்ந்ததே. அத்தொகுதிக்குப் பெயர் தந்த திருக்கோட்டியூர் வைணவ உலகம் போற்றும் தலம். குருவிடம் பதினெட்டு முறை நடந்து பெற்ற மறைபொருளை இராமாநுசர் யாவரும் கேட்கும்படி கூறியதாக ஆசாரியர் வரலாறு சொல்லும் ஊர். நாத்திக மேடையில் வளர்ந்த முப்பது வயதுகூட நிரம்பாத கவிஞர் அவ்வூரின் பெயரால் வாக்குக் கேட்டதும், பின்னாளில் அவரே 'அர்த்தமுள்ள இந்துமதம்' எழுதியதும் தனியே ஒரு கட்டுரைக்கு உரியன. ஈண்டு அவற்றைத் தொடரேன்.

'வனவாசம்' தேர்தலை மட்டும் கூறும் நூல் அன்று. ஆசிரியரின் பிறப்பு முதல் 1961இல் அவர் கழகத்தை விட்டு வெளியேறியது வரை அதன் பொருள். தொடர்ச்சி 'மனவாசம்' என்னும் நூலில் வருகிறது. இளமைக்கால வறுமை, சேலம் மாடர்ன் தியேட்டர்சு நாள்கள், 1953இல் டால்மியாபுரம் பெயர்மாற்றக் கிளர்ச்சியில் பெற்ற சிறை, குடி முதலிய தம் பிழைகள் என யாவும் அதில் உள. தேர்தல் இவற்றினிடையே ஒரு நிகழ்ச்சி. நூலைச் சான்றாகக் கொள்ளப் புகுவார் முதலில் உணரவேண்டுவது, அது எழுதப்பெற்ற காலத்திற்கும் 1957க்கும் உள்ள இடைவெளி. தோற்றவர் கழகத்தின் கண்ணதாசன். எழுதியவர் கழகத்தை எதிர்த்து நின்ற கண்ணதாசன். இருவரும் ஒருவரல்லர். ஒருவராகக் கொண்டு படிப்பதனாலேயே அந்நூலை ஒரு சாரார் வேதமாகவும், மற்றொரு சாரார் வசைமொழியாகவும் கொண்டு போயினர்.

இவ்விருவரையும் பிரித்துக்காட்டும் கருவியை ஆசிரியரே நம் கையில் தந்துள்ளார். நூல் முழுவதும் தம்மை அவர் 'அவன்' என்றே குறிக்கிறார். 'நான்' என்று எழுதியிருப்பின், எழுதும் காலத்து உணர்ச்சி 1957இல் இருந்தவனுடைய உணர்ச்சியாகவே நமக்குத் தோன்றும். 'அவன்' என்றதனால் எழுதுபவர் வேறு, நின்று தோற்றவன் வேறு என்பது தொடர்தோறும் நினைவூட்டப்படுகிறது. கணைக்கால் இரும்பொறையின் படர்க்கையோடு இதனை ஒப்பிடுதல் மிகையாகாது என்பது என் கருத்து. கண்ணதாசன் புறநானூறு கற்றவர். எனினும் அப்பாட்டைக் கண்டு இவ்வாறு எழுதினார் என்று நான் கூறவில்லை. தோல்வியைக் கூறப் புகும் தமிழ்ப் புலவர்க்குப் படர்க்கை கைவந்த புகலிடமாக இருந்தது என்ற அளவில் நிறுத்துகிறேன். புகலிடம் என்றால் ஒளிவிடமும் ஆகும். 'அவன்' செய்த பிழைக்கு 'நான்' எவ்வளவு பொறுப்பு என்ற வினாவை அப்படர்க்கை மெல்ல நழுவவிடுகிறது. நூலின் நேர்மையும் நழுவலும் ஒரே சொல்லில் அடங்கியிருத்தல் காண்க.

தலைப்பிற்கு வருவோம். உப்பூர்த் திண்ணையில் எனக்கு எழுந்த ஐயம் இதுவே: இராமன் தோற்றுக் காடேகவில்லை. தனக்குரிய முடியைத் தந்தை சொற்காகத் துறந்து சென்றான். அவன் காலம் பதினான்கு ஆண்டு. தோற்றுக் காடேகியவர் பாண்டவர். சூதில் தோற்றனர், பன்னிரண்டு ஆண்டு காட்டில் இருந்தனர். கழகத்தில் கண்ணதாசன் இருந்த காலம் 1949 முதல் 1961 வரை; எண்ணிப் பார்ப்பின் பன்னிரண்டு. ஆசிரியர் இக்கணக்கை எண்ணினாரோ, இல்லையோ, தலைப்பை இராமகாதையாகப் படிப்போர்க்கு ஒரு நூலும், பாரதமாகப் படிப்போர்க்கு மற்றொரு நூலும் கிடைக்கும். முதல் வகையில் அவர் குற்றமற்றுத் துன்புற்றவர். இரண்டாம் வகையில் தாமே காய் உருட்டித் தோற்றவர். நூலின் உள்ளடக்கம் இரண்டாம் வகைக்கே பெரிதும் பொருந்துகிறது. தம் பிழைகளை அவர் மறைத்தாரில்லை.

இன்னும் ஒன்று. தலைப்பின்படி காடு என்பது தேர்தல் தோல்வியால் வந்து சேர்ந்த நிலை அன்று. கட்சி வாழ்க்கையே காடு. தோல்வி அக்காட்டு வழியில் தைத்த ஒரு முள். 1957இல் தோற்றவனுக்கு அவ்வாறு தோன்றியிராது. அன்று அவன் கட்சியை வீடாகவே எண்ணியிருப்பான். இல்லையேல் மேலும் நான்கு ஆண்டு அதற்கு உழைத்திரான். 1961க்குப் பின்னர் எழுதியவரே வீட்டைக் காடாகப் பெயர் மாற்றினார்.

பேராசிரியரின் வினாவிற்கு முதல் விடை இங்குக் கிடைக்கிறது. தோல்வியின் கசப்பே கட்சியை விட்டு ஓட்டியது, ஆகவே நூல் முழுதும் கசப்பு என்பது அவ்வினாவின் உட்கிடை. காலக்கணக்கு இதற்கு இடந்தரவில்லை. தோற்ற பின்னும் கண்ணதாசன் கழகத்தில் இருந்தார்; 1959இல் சென்னை மாநகராட்சித் தேர்தலில் அதற்காக உழைத்தார். 1961இல் வெளியேறியவர்களுக்குத் தலைமை தாங்கியவர் ஈ. வெ. கி. சம்பத். அவர் 1957இல் தோற்றவர் அல்லர். நாமக்கல்லில் வென்று மக்களவைக்குச் சென்ற இருவருள் ஒருவர். வென்றவரும் தோற்றவரும் ஒரே நாளில் ஒரே வாயிலால் வெளியேறி, தமிழ்த் தேசியக் கட்சியைத் தொடங்கி, 1964இல் காங்கிரசில் கலந்தனர் என்றால், வாக்குப்பெட்டியின் கசப்பே பிரிவுக்குக் காரணம் என்பது நில்லாது.

நூலில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் இடமும் தோல்வி பற்றியது அன்று, வெற்றி பற்றியது. மாநகராட்சித் தேர்தல் வெற்றிக் கூட்டத்தில் அண்ணா, கருணாநிதிக்கு மோதிரம் அணிவித்ததையும், அதுகண்டு 'அவன்' மனம் புண்பட்டு அண்ணாவை வினவியதையும், பெற்ற விடையையும் கூறும் பகுதி அது. அவ்வுரையாடல் அவ்வாறே நிகழ்ந்ததா என்பது பற்றி இன்றும் வழக்கு உண்டு. தீர்ப்புக் கூற நான் முற்படேன். வரலாற்று மாணவர் அவ்விடத்தில் காணவேண்டுவது, ஒரு கட்சி வெற்றியின் புகழைத் தன்னுள் எவ்வாறு பங்கிட்டது, பங்கு பெறாதவர்க்கு அது எவ்வாறு தோன்றிற்று என்பது. இந்தச் செய்தியைத் தரக்கூடிய ஆவணம் வேறில்லை. மோதிரம் பெற்றவர் நூலில் அது அன்பின் அடையாளமாகத்தானே இருக்கமுடியும்?

அவர் நூலும் நமக்கு உண்டு. கருணாநிதியின் 'நெஞ்சுக்கு நீதி' பல தொகுதிகளாக வெளிவந்த தன்வரலாறு. இருவரும் சேலத்துத் திரைப்பட நாள்களிலிருந்து நண்பர், ஒரே கட்சி, ஒரே ஆண்டு, ஒருவர் குளித்தலையில் வென்றார், மற்றவர் திருக்கோட்டியூரில் தோற்றார். செங்கணான் போருக்குக் களவழியும் புறப்பாட்டும் வாய்த்தாற்போல 1957க்கு இவ்விரு நூல்கள் வாய்த்தன. இவற்றை அருகருகே வைத்துப் பாடஞ்சொல்லும் துறை ஒன்றேனும் உண்டா என்று அறிய விரும்புகிறேன். வென்றவர் நூலில் குளித்தலை என்பது தேர்தல் நாளோடு முடிவதில்லை. வேட்பாளர் உறுப்பினராகிறார், நங்கவரம் உழவர் சிக்கலைச் சட்டமன்றத்தின் முதற் பேச்சிலேயே எடுத்துரைக்கிறார், தொகுதி மக்கள் குறையும் கோரிக்கையுமாக நூலுக்குள் நடந்து வருகின்றனர். தோற்றவருக்குத் தொகுதி அவ்வாறு திரும்பி வருவதில்லை. வாக்கு எண்ணிய மாலையோடு அங்குள்ள மக்கள் அவர் கதையை விட்டு நீங்குகின்றனர். ஆதலின் மக்கள் என்ன நினைத்தனர் என்பதற்குத் தோற்றவர் நூல் வலிய சான்று ஆகாது. அதில் எஞ்சுவது கட்சிக்குள் இருப்பவர்க்கு மட்டும் தெரியும் செய்தி: பணம் எங்கிருந்து வந்தது, எவர் உடன் நின்றார், எவர் வாளாவிருந்தார், தலைவர் எவருக்கு முகங்கொடுத்தார் என்பன. வென்றவர்க்கு இவற்றை எழுதவேண்டிய தேவை இல்லை. வெற்றி வந்தபின் கணக்குக் கேட்பார் யார்?

வேற்று நாட்டு எழுத்தாளரும் இவ்வழியே நடந்துள்ளனர். ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி திரோலோப் 1868இல் பெவர்லி என்னும் ஊரில் நின்று, நான்கு வேட்பாளருள் கடையராய்த் தோற்றார். கையூட்டு மலிந்த அவ்வூர் பின்னர்த் தொகுதி உரிமையையே இழந்தது. அவர் அந்நிகழ்ச்சியை நாவலிலும் தன்வரலாற்றிலும் பயன்படுத்திக்கொண்டார். பெரு நாட்டின் மாரியோ வார்காசு யோசா 1990இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் தோற்று, 1993இல் 'நீரில் ஒரு மீன்' என்னும் பொருள்பட ஒரு நூல் வெளியிட்டார். அதில் ஓர் இயல் இளமை, அடுத்த இயல் தேர்தல் என மாறி மாறி வரும். நம் பொருளுக்கு மிக அணித்தானவர் அமெரிக்கர் அப்டன் சிங்கிளேர். கலிபோர்னியாவின் ஆளுநர் பதவிக்கு 1934இல் நிற்குமுன்னரே, தாம் ஆளுநராகி வறுமையை ஒழித்துவிட்டதாக ஒரு சிறுநூல் எழுதியவர்! தோற்றபின் 1935இல் 'ஆளுநர் வேட்பாளராகிய நான் தோற்கடிக்கப்பட்டவாறு' என்ற கருத்தமைந்த தலைப்பில் மற்றொன்று எழுதினார். இரு தலைப்பும் 'நான்' என்றே தொடங்குகின்றன. தோல்வியின் சூடு ஆறுமுன் எழுதியதால், எதிர்ப்பிரசாரம் நடந்த வகையையும், திரைப்பட நிறுவனங்கள் தமக்கெதிராகச் செய்தவற்றையும் உடனுக்குடன் பதிய அவரால் இயன்றது. அமெரிக்கத் தேர்தல் பிரசார வரலாறு எழுதுவோர் அந்நூலைப் புலம்பல் என்று ஒதுக்கவில்லை. நம் கவிஞர் ஆறவிட்டு எழுதினார். அதற்குள் பக்கமும் மாறினார். ஆதலின் சிங்கிளேர் நூலில் கிடைப்பது போன்ற களச் செய்தியை 'வனவாச'த்தில் தேடுவோர் ஏமாறுவர். அதில் பன்னிரண்டு ஆண்டுக் கட்சி உறவின் உள்வரலாறு கிடைக்கும். தேர்தலை அவ்வுறவின் ஒரு கூறாக வைத்துக் காணவேண்டும்.

நூலை மதிப்பிடுங்கால் அளவு தவறலாகாது என்பதற்கு அதே மாவட்டத்து அதே ஆண்டு ஒரு சான்று. 1957இல் பொதுத்தேர்தலையும் அடுத்து வந்த முதுகுளத்தூர் இடைத்தேர்தலையும் தொடர்ந்து அப்பகுதியில் பெருங்கலவரம் மூண்டது, செப்டம்பர் 11ஆம் நாள் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார், ஊர்கள் எரிந்தன, உயிர்கள் பல மாய்ந்தன. அங்கே தேர்தல் விட்டுச்சென்ற புண்ணுக்கு முன்னர், மோதிரம் கிடையாத மனத்தாங்கல் மிகச் சிறியது. முதுகுளத்தூரில் வீடிழந்தவர் எவரும் தன்வரலாறு எழுதி அச்சிடும் நிலையில் இல்லை. தோற்றவர் நூல் என்று நாம் போற்றுவதும் எழுதவல்ல தோற்றவர் நூலே. என் மாணவர்க்கு இதனை அன்றே கூறியிருக்க வேண்டும்: வென்றார்க்கு எதிராகத் தோற்றாரை நிறுத்தினால் போதாது, வேட்பாளராகவும் நில்லாது, வாக்குச்சீட்டோடு வரிசையில் நின்றவர்கள் மூன்றாம் தரப்பு. அவர்கள் சான்று இரு நூலிலும் இல்லை.

அச்சான்றுக்கு எங்கே போவது? ஆணையத்தின் 1957 அட்டவணை ஓரளவு உதவும். பெட்டியில் விழுந்த சீட்டின் எண்ணிக்கை அங்கே உண்டு. மாவட்டச் செய்தித்தாள்களும் காவல்துறைக் குறிப்புகளும் ஆவணக் காப்பகத்தில் தேடத்தக்கன. ஊர்களில் முதியோர் நினைவும் முற்றும் மறைந்துவிடவில்லை. உப்பூரில் என் வீட்டுப் பெரியவர்கள் அக்காலத் தேர்தலைப் பேசும்பொழுது வேட்பாளர் பெயரை அரிதாகவே கூறுவர். எந்தப் பெட்டி, எந்தச் சின்னம், வாக்குச்சாவடிக்கு எவர் வண்டியில் போனது என்பதைக் கூறுவர். வண்டிக்காரர் எவர் பக்கம் என்பதையும் மறவாமல் சேர்ப்பர்.

வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனையே முன்னிலைப்படுத்தி, உன்னினும் நல்லவன் புறப்புண் நாணி வடக்கிருந்தவன் அல்லனோ என்ற கருத்துப்பட ஒரு புலவர் கேட்டார் (புறம். 66). கேட்டவர் தோற்றவரும் அல்லர், வென்றவரும் அல்லர். வெண்ணிக் குயத்தியார் என்னும் பெயரால் அவ்வூர்ப் பெண்பாலர் என்று கருதப்படுகிறார். போர் நடந்த ஊரில் வாழ்ந்தவர் கூறிய மதிப்பீடு அது. 1957க்கு அத்தகைய பாட்டு ஒன்று, திருக்கோட்டியூர் வட்டாரத்து வாய்மொழியில் எங்கேனும் உண்டா என்று தேடுமாறு என் மாணவரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் தம் பழைய தலைப்பை மீண்டும் எடுத்துக்கொண்டார். திருக்கோட்டியூர் என்னும் பெயரில் சட்டமன்றத் தொகுதி இன்று இல்லை. ஊர் சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. கோடை கழிந்ததும் அங்கே போவதாகச் சொன்னார்.